கேஸ்ட்ரிக் மாத்திரை: எதற்கு? எவ்வளவு நாளைக்கு?

நெஞ்செரிச்சல் மருந்துகளின் நன்மைகளும் அபாயங்களும்: மூத்தோருக்கான விளக்கம்

நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், மேல்வயிற்று எரிச்சல் ஆகிய எல்லாவற்றையும் நாம் ‘கேஸ்ட்ரிக்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். அதற்காகக் கொடுக்கப்படும் மருந்துகளையும் ‘கேஸ்ட்ரிக் மாத்திரை’ என்றே அழைக்கிறோம். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் பல வகை மருந்துகள் உள்ளன. அவை வேலை செய்யும் விதம், சாப்பிட வேண்டிய நேரம், சாப்பிட வேண்டிய நாள்கள் எல்லாமே வேறுபடும்.

மூத்தோர் பலரின் மருந்துப் பையில் இந்த மாத்திரை ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. எப்போது தொடங்கியது, எதற்காகத் தொடங்கியது என்பது மறந்துபோயிருக்கும். வேறு சிலர், கைத்தொலைபேசியில் வந்த ஒரு செய்தியைப் பார்த்துப் பயந்து, தங்களுக்கு அவசியமான மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாலும் கேடு வரலாம்.

இக்கையேட்டை வாசித்து முடித்ததும் உங்கள் மாத்திரையைப் பற்றி இரண்டு கேள்விகளுக்கு உங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: இதை நான் எதற்காகச் சாப்பிடுகிறேன்? எவ்வளவு நாளைக்குச் சாப்பிட வேண்டும்? பதில் தெரியவில்லை என்றால், அடுத்த முறை கிளினிக்கில் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை: நெஞ்சில் வரும் வலி எல்லாம் கேஸ்ட்ரிக் ஆகாது

மாரடைப்பும் நெஞ்செரிச்சலும் சில நேரங்களில் ஒன்றுபோலவே தோன்றும். ‘காற்று அடைத்துக்கொண்டது’ என்று ஓமத் தண்ணீரோ வெள்ளை மருந்தோ குடித்துவிட்டு விடியும்வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பின்வரும் அறிகுறிகளில் ஏதேனும் இருந்தால் உடனே 999 என்ற எண்ணுக்கு அழையுங்கள்:

• நெஞ்சின் நடுவில் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், இறுக்கம்
• வலி கை, தோள், கழுத்து, தாடை, முதுகு ஆகிய இடங்களுக்குப் பரவுதல்
• குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், வாந்தி
• நடக்கும்போதோ படி ஏறும்போதோ வந்து, ஓய்வெடுத்தால் குறையும் நெஞ்சு வலி (இப்போது வலி இல்லை என்றாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்)

நீரிழிவு (இனிப்பு நீர்) உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு மாரடைப்பு வரும்போது வலி குறைவாகவோ, வலியே இல்லாமலோ இருக்கலாம். மேல்வயிற்றில் ஒரு சங்கடம், காரணமில்லாத களைப்பு, வியர்வை என்று மட்டும் தெரியலாம். மலேசியாவில் நீரிழிவு இந்தியர்களிடையே அதிகம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. ஆகவே, சந்தேகம் இருந்தால் முதலில் இதயத்தைப் பரிசோதிக்கட்டும். கேஸ்ட்ரிக்தான் என்று தெரிந்து வீடு திரும்பினால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நெஞ்செரிச்சல் எப்படி வருகிறது?

நாம் விழுங்கும் உணவு உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்கு இறங்குகிறது. இரைப்பையில் கடுமையான அமிலம் சுரக்கிறது. அது உணவைச் செரிக்கவும், உணவோடு வரும் கிருமிகளைக் கொல்லவும் தேவைப்படுகிறது. அமிலத்தைத் தாங்கும் உட்பூச்சு இரைப்பைக்கு உண்டு. உணவுக்குழாய்க்கு அது இல்லை.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையம்போன்ற ஒரு தசை இருக்கிறது. கதவைப்போல அது உணவுக்குத் திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். அந்தக் கதவு தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். அதுவே நெஞ்செரிச்சல். வயது கூடுதல், தொந்தி, புகைபிடித்தல், மது, வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தல் ஆகியவை இதற்கு வழிவகுக்கும். இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கப்படும் அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற மாத்திரைகளும் சிலருக்கு அந்தத் தசையைத் தளர்த்தலாம்.

நம் சமூகத்திற்கு இது முக்கியமான செய்தி. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் குழாய் செலுத்தி வயிற்றைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொண்டவர்களை மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அமிலத்தால் உணவுக்குழாய் புண்ணாகும் நிலை மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது.

மருந்துகள் நான்கு வகை

1. அமில முறிப்பான்கள். கிளினிக்கில் புட்டியில் கிடைக்கும் வெள்ளை மருந்து (மெக்னீசியம் டிரைசிலிகேட் கலவை), மென்று தின்னும் மாத்திரைகள், நீரில் கரைத்துக் குடிக்கும் பொடிகள் ஆகியவை இந்த வகை. ஏற்கெனவே சுரந்த அமிலத்தை இவை முறிக்கின்றன. சில நிமிடங்களில் சுகம் தெரியும். ஓரிரு மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். புண்ணை ஆற்ற இவை போதா. அலுமினியம் கலந்தவை மலச்சிக்கலையும், மெக்னீசியம் கலந்தவை வயிற்றுப்போக்கையும் உண்டாக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடர்ந்து சாப்பிடக் கூடாது.

நுரைத்து வரும் பொடிகளில் உப்புச்சத்து (சோடியம்) அதிகம். ஈனோ போன்ற பொடியின் 5 கிராம் பாக்கெட் ஒன்றில் ஏறத்தாழ 850 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சோடியம் உட்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரத்த அழுத்தமோ இதயப் பலவீனமோ உள்ளவர்கள் கறியில் உப்பைக் குறைத்துவிட்டு இந்தப் பொடியைத் தினமும் குடித்தால், குறைத்த உப்பு வேறு வழியில் உடம்பில் சேர்ந்துவிடும்.

2. ஆல்ஜினேட் மருந்துகள். காவிஸ்கான் போன்றவை. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் இப்பொருள், இரைப்பையில் உள்ள உணவின்மேல் ஒரு மூடிபோல் மிதந்து அமிலம் மேலே ஏறாமல் தடுக்கிறது. எனவே இதைச் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கப் போகும் முன்பும் சாப்பிட வேண்டும். இதிலும் சோடியம் உண்டு.

3. எச்-2 தடுப்பு மருந்துகள். இப்போது பெரும்பாலும் கொடுக்கப்படுவது ஃபமோடிடின். இது அமிலம் சுரப்பதைக் குறைக்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். தினமும் சாப்பிட்டால் ஓரிரு வாரங்களில் உடம்பு பழகிப்போய் பலன் குறையக்கூடும். சிறுநீரகம் பலவீனமாக உள்ள மூத்தோருக்கு அளவைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் மனக் குழப்பம் ஏற்படலாம்.

இந்த வகையில் நீங்கள் நன்கு அறிந்த பெயர் ரானிடிடின். 2019-இல் அந்த மருந்தில் என்.டி.எம்.ஏ. என்னும் மாசு கண்டறியப்பட்டது. அது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள். அதையடுத்து மலேசியா உட்பட பல நாடுகளில் ரானிடிடின் மருந்துகள் திரும்பப் பெறப்பட்டன. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி, எல்லா வகை ரானிடிடினையும் சந்தையிலிருந்து அகற்றும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கேட்டுக்கொண்டது. வீட்டு அலமாரியில் பழைய ரானிடிடின் மாத்திரைகள் இருந்தால் அவற்றைச் சாப்பிடாமல் மருந்தகத்தில் ஒப்படையுங்கள்.

4. பி.பி.ஐ. மருந்துகள். ஓமெப்ரசோல், பான்டோபிரசோல், எசோமெப்ரசோல், லான்சோபிரசோல் என்று ‘பிரசோல்’ என முடியும் பெயர்கள் எல்லாம் இந்த வகை. இரைப்பையின் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய ‘பம்ப்’கள் உள்ளன. இம்மருந்து அந்தப் பம்ப்களையே அடைத்துவிடுகிறது. நான்கு வகைகளில் ஆற்றல் மிக்கது இதுவே. இக்கையேட்டின் மற்ற பகுதிகள் பெரும்பாலும் இதைப் பற்றியவை.

பி.பி.ஐ. மாத்திரையைச் சாப்பிடும் முறை

காலைப் பசியாறுவதற்கு 30 நிமிடங்களுக்கு முன்பு, வெறும் வயிற்றில், தண்ணீருடன் முழுசாக விழுங்க வேண்டும். நாம் சாப்பிடத் தொடங்கும்போதுதான் பம்ப்கள் வேலைக்கு எழும். அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கினால் பலன் குறையும். ‘இந்த மருந்து எனக்குக் கேட்கவில்லை’ என்று சொல்பவர்களில் சிலருக்கு, நேரத்தை மாற்றினாலே போதும்.

மாத்திரையை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. அதன் மேலுள்ள பூச்சு, இரைப்பையின் அமிலம் மருந்தைச் சிதைக்காமல் காக்கிறது. விழுங்கச் சிரமம் இருந்தால் மருந்தாளரிடம் சொல்லுங்கள். சில வகைகளை வேறு முறையில் கொடுக்கலாம்.

முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள்கள் ஆகும். எரிச்சல் வரும்போது மட்டும் ஒன்று விழுங்கினால் உடனடிச் சுகம் கிடைக்காது.

நன்மைகள்: யாருக்கு இது நீண்ட நாள் தேவை?

1970-களுக்கு முன் வயிற்றுப் புண் முற்றியவர்களுக்கு இரைப்பையில் அறுவை செய்வது வழக்கமாக இருந்தது. 1976-இல் சிமெடிடின் என்னும் முதல் எச்-2 தடுப்பு மருந்தும், 1988-இல் ஓமெப்ரசோலும் விற்பனைக்கு வந்தன. அதன் பிறகு அத்தகைய அறுவைகள் மிகவும் குறைந்துவிட்டன. இம்மருந்துகள் எத்தனையோ பேரை இரத்தக் கசிவிலிருந்து காத்திருக்கின்றன.

சாதாரண நெஞ்செரிச்சலுக்கு 4 முதல் 8 வாரங்கள் வரை பி.பி.ஐ. சாப்பிட்டால் போதும். அதன் பிறகு, தொடர வேண்டுமா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். பின்வருவோருக்கு மட்டும் நீண்ட நாள் தேவைப்படலாம்:

• உணவுக்குழாயில் கடுமையான புண் இருந்தவர்கள்
• பாரெட் உணவுக்குழாய் என்னும் நிலை (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உட்பூச்சு மாறியிருப்பது) உள்ளவர்கள்
• வயிற்றுப் புண்ணிலிருந்து முன்பு இரத்தம் கசிந்தவர்கள்
• இதயத்திற்கோ பக்கவாதத்திற்கோ ஆஸ்பிரின், குளோபிடோகிரல், இரத்தத்தை இளக்கும் மருந்துகள் சாப்பிடுவோரில் இரத்தக் கசிவு அபாயம் அதிகம் உள்ளவர்கள்
• மூட்டு வலிக்குத் தொடர்ந்து வலி நிவாரணி சாப்பிட வேண்டிய மூத்தோர்

நீங்கள் இந்தப் பட்டியலில் இருந்தால், உங்களுக்கு நெஞ்செரிச்சலே இல்லாவிட்டாலும் அந்த மாத்திரை ஒரு காவலாகக் கொடுக்கப்பட்டிருக்கலாம். ‘எனக்குத்தான் எரிச்சல் இல்லையே’ என்று அதை நிறுத்திவிட்டு ஆஸ்பிரினை மட்டும் தொடர்வது, காவலரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

அபாயங்கள்: எது உறுதி, எது சந்தேகம்?

எல்லா மருந்துக்கும் விலை உண்டு. சில நாள்களுக்கு வரக்கூடிய தலைவலி, வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம் போன்றவை பெரும்பாலும் தாமாகவே சரியாகும். நீண்ட நாள் சாப்பிடுவோர் அறிய வேண்டியவை பின்வருமாறு.

குடல் தொற்று. அமிலம் குறைந்தால் உணவோடு வரும் கிருமிகள் தப்பிப் பிழைக்கும். எனவே வயிற்றுப்போக்குத் தொற்று கொஞ்சம் அதிகமாக வரலாம். ஆண்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு தண்ணீர்போல் பல முறை வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் மருத்துவரைப் பாருங்கள். ஒட்டுக்கடையில் சாப்பிட்டால், அப்போதே சமைத்த சூடான உணவாகத் தேர்ந்தெடுங்கள்.

வைட்டமின் பி-12 குறைவு. உணவிலிருந்து பி-12-ஐப் பிரித்தெடுக்க அமிலம் தேவை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பி.பி.ஐ. சாப்பிட்டால் இச்சத்து குறையக்கூடும். நீரிழிவுக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினும் பி-12-ஐக் குறைக்கும். சைவ உணவில் இயல்பாகவே பி-12 குறைவு. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தவர்கள் நம்மில் பலர். கால் மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, மறதி, களைப்பு ஆகியவை வந்தால் ‘இனிப்பு நீரால் வந்தது’ என்று விட்டுவிடாமல் பி-12 இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். குறைவு கண்டுபிடிக்கப்பட்டால் அதை ஈடுசெய்ய ஊசியும் மாத்திரையும் உண்டு.

மெக்னீசியம் குறைவு. அரிதாக, பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் சாப்பிடுவோருக்கு வருகிறது. தசைப் பிடிப்பு, நடுக்கம், இதயத் துடிப்பு தாறுமாறாதல் அதன் அறிகுறிகள். சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுவோருக்கு வாய்ப்பு அதிகம். 2011-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

எலும்பு முறிவு. அதிக அளவில், நீண்ட காலம் சாப்பிட்டவர்களிடம் இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவுகள் சற்று அதிகமாகக் காணப்பட்டன. எலும்புத் தேய்மானம் உள்ள மூத்த பெண்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

சிறுநீரகம். அரிதாக, ஒவ்வாமையால் சிறுநீரகத்தில் அழற்சி ஏற்படலாம். காய்ச்சல், தோலில் தடிப்பு, சிறுநீர் குறைதல் ஆகியவை வந்தால் உடனே தெரிவியுங்கள்.

மறதி நோய், நிமோனியா, நாள்பட்ட சிறுநீரக நோய் ஆகியவற்றையும் இம்மாத்திரையோடு தொடர்புபடுத்திச் செய்திகள் வருகின்றன. அவை பெரும்பாலும் பழைய மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வுகள். பி.பி.ஐ. சாப்பிடுவோர் பெரும்பாலும் ஏற்கெனவே வேறு நோய்கள் உள்ளவர்கள். நோய் மாத்திரையால் வந்ததா, ஏற்கெனவே இருந்த பலவீனத்தால் வந்ததா என்று பதிவுகளை வைத்து மட்டும் பிரித்துச் சொல்வது கடினம்.

அதைச் சரியாகப் பார்க்க, இதய, இரத்தக்குழாய் நோய் உள்ள 17,598 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு பாதிப் பேருக்குப் பான்டோபிரசோலும், மறு பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கண்காணித்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. குடல் தொற்று மட்டுமே தெளிவாக அதிகமாக இருந்தது: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 1.0, பான்டோபிரசோல் சாப்பிட்டவர்களில் 100-க்கு 1.4. நிமோனியா, எலும்பு முறிவு, சிறுநீரக நோய், மறதி நோய் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இது மூன்று ஆண்டுகளுக்கான விடை. பத்து, பதினைந்து ஆண்டுகள் சாப்பிடுவோருக்கு இந்த ஆய்வு விடை சொல்லவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், தக்க காரணம் உள்ளவருக்கு நன்மை அபாயத்தைவிடப் பெரிது. காரணம் தீர்ந்துபோனவருக்கு நன்மை எதுவும் இல்லை. சிறிய அபாயம் மட்டும் எஞ்சி நிற்கிறது.

மாத்திரையை நிறுத்தும் முறை

பல வாரங்கள் பி.பி.ஐ. சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால், அடக்கி வைக்கப்பட்டிருந்த அமிலம் சில வாரங்களுக்கு முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். டென்மார்க்கில் வயிற்றுக் கோளாறு எதுவுமே இல்லாத 120 பேரிடம் இதைச் சோதித்தார்கள். எட்டு வாரங்கள் பி.பி.ஐ. சாப்பிட்டு நிறுத்தியவர்களில் 100-க்கு 44 பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 15 பேருக்கே வந்தன. இம்முடிவு 2009-இல் வெளியானது.

இதனால்தான் பலர், ‘மாத்திரையை விட்டால் மறுபடியும் கேஸ்ட்ரிக் வந்துவிடுகிறது, எனக்கு இது ஆயுசுக்கும் தேவை’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எரிச்சல் பழைய நோய் திரும்பியதாக இல்லாமல், நிறுத்தியதன் எதிரொலியாக இருக்கலாம்.

நிறுத்தலாம் என்று மருத்துவர் சொன்னால், படிப்படியாக நிறுத்துவது பலருக்கு எளிது. பொதுவாகச் செய்யப்படும் முறை: இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு அளவைப் பாதியாக்குவது; பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்; பிறகு நிறுத்துவது. இடையில் எரிச்சல் வந்தால் ஆல்ஜினேட் மருந்து துணைக்கு உதவும். நிறுத்திய பின் ஒரு மாதம் கழிந்தும் தொல்லை தொடர்ந்தால் மீண்டும் மருத்துவரைப் பாருங்கள்.

மற்ற மருந்துகளோடு சேரும்போது

• குளோபிடோகிரல்: இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் மருந்து. ஓமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் இதன் ஆற்றலைக் குறைக்கும். பான்டோபிரசோலுக்கு அந்தத் தன்மை குறைவு. நீங்களாக மாற்றாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.
• வார்ஃபரின்: கேஸ்ட்ரிக் மருந்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கலாம்.
• தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை: அமிலம் குறைந்தால் இவை உடம்பில் சரியாகச் சேரா. அமில முறிப்பானுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே 4 மணி நேரமும், மற்ற மருந்துகளுக்கும் அதற்கும் இடையே 2 மணி நேரமும் விடுங்கள்.
• அலெண்ட்ரோனேட்: எலும்புத் தேய்மான மாத்திரை. உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடியது. ஒரு குவளை வெறும் தண்ணீருடன் விழுங்கி, 30 நிமிடங்களாவது நிமிர்ந்து இருங்கள், படுக்கக் கூடாது.

எரிச்சலுக்கான காரணம் வேறாக இருக்கலாம்

வலி மாத்திரைகள். முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் கடையில் வாங்கும் டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபெனாமிக் அமிலம் (போன்ஸ்டான்) ஆகியவை இரைப்பையில் புண் உண்டாக்கும். மூத்தோருக்கு வலியே இல்லாமல் புண்ணிலிருந்து இரத்தம் கசியலாம். சில ‘பாரம்பரிய’ வலி மருந்துகளிலும் ஜாமுக்களிலும் ஸ்டீராய்டும் வலி நிவாரணியும் இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்துள்ளது. பெட்டியின்மேல் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளுடன் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

எச். பைலோரி கிருமி. வயிற்றுப் புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் இரு மருத்துவர்கள், இரைப்பையில் வாழும் ஒரு கிருமியே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்று காட்டினார்கள். அதற்காக 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் இக்கிருமி மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம். நாள்பட்டு இருந்தால் இரைப்பைப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். பி.பி.ஐ.யுடன் ஆண்டிபயாடிக்குகளைப் பெரும்பாலும் 14 நாள்கள் சாப்பிட்டால் கிருமியை ஒழிக்கலாம். நாள்களைக் குறைக்காமல் முழுவதும் சாப்பிட வேண்டும்.

மூச்சுப் பரிசோதனை மூலம் இக்கிருமியைக் கண்டறியலாம். அதற்கு முன் 2 வாரங்கள் பி.பி.ஐ.யும், 4 வாரங்கள் ஆண்டிபயாடிக்கும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

பின்வருவன இருந்தால் கேஸ்ட்ரிக் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். எண்டோஸ்கோப்பி தேவைப்படலாம்.

• விழுங்கும்போது உணவு சிக்குதல், வலித்தல்
• காரணமில்லாமல் எடை குறைதல், பசியின்மை
• இரத்தச் சோகை
• அடிக்கடி வாந்தி
• 55 வயதுக்கு மேல் முதன்முறையாக வந்து விடாமல் தொடரும் நெஞ்செரிச்சல் அல்லது வயிற்று வலி

இரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார்போல் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனாலோ உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும்; அதைச் சாப்பிடுபவர் என்றால் அங்கே சொல்லுங்கள்.

மருந்தோடு வாழ்க்கை முறையும்

பினாங்கில் வாழ்ந்துகொண்டு நாசி கண்டாரையும் அசாம் லக்சாவையும் மறந்துவிடுங்கள் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. ஒருவருக்கு எரிச்சல் தரும் உணவு இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வாரங்களுக்கு என்ன சாப்பிட்டீர்கள், எப்போது எரிந்தது என்று குறித்து வாருங்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாததை உங்கள் குறிப்பே காட்டும். எல்லோருக்கும் பொதுவாக உதவுபவை இவை:

• இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் விடுங்கள். மாமாக் கடையில் இரவு பதினொரு மணிக்கு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்துவிட்டு வந்து படுத்தால் எரிச்சல் வரத்தான் செய்யும்.
• ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் அளவாகச் சாப்பிடுங்கள். குழம்பைத் தட்டு நிறைய ஊற்றிக்கொள்ளாமல் கொஞ்சமாகக் கேளுங்கள்.
• கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடிந்து அழுத்தம் கூடும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் உதவும்.
• உடல் எடை அதிகமாக இருந்தால் குறையுங்கள். புகைபிடிப்பதையும் மதுவையும் விடுங்கள். இடுப்பில் வேட்டியையோ கைலியையோ இறுக்கிக் கட்டாதீர்கள்.

சீரகத் தண்ணீர், இஞ்சி, மோர் ஆகியவை சிலருக்கு வயிற்று உப்புசத்தைத் தணிக்கும், அளவாகக் குடிக்கலாம். ஆனால் புண்ணை ஆற்றவோ கிருமியைக் கொல்லவோ அவற்றால் முடியாது.

விரதமும் நோன்பும். தைப்பூசத்திற்கும் புரட்டாசிக்கும் விரதம் இருப்பவர்கள், நீண்ட நேரம் பட்டினி கிடந்து ஒரே வேளையில் நிறையச் சாப்பிடுவதைத் தவிருங்கள். ரமலான் நோன்பு நோற்பவர்கள் பி.பி.ஐ. மாத்திரையைச் சஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு சாப்பிட முடியுமா, நோன்பு துறக்கும் வேளைக்கு மாற்ற வேண்டுமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். நீரிழிவு மருந்தின் நேரமும் அதோடு மாறும். வயிற்றுப் புண்ணிலிருந்து அண்மையில் இரத்தம் கசிந்தவர்கள் மருத்துவரின் அனுமதி இல்லாமல் விரதம் இருக்கக் கூடாது.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது

மாதாமாதம் மருந்தகத்தில் மருந்து மட்டும் வாங்கிச் செல்லும்போது, பழைய சீட்டில் உள்ளதே திரும்பக் கிடைக்கும். அதில் உள்ள ஒவ்வொரு மருந்தும் இன்னும் தேவையா என்பது மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ பேசினால்தான் தெரியும்.

எடுத்துக்காட்டாக, 70 வயதுள்ள ஒருவர் முழங்கால் வலிக்கு இரண்டு மாதம் டைக்லோஃபெனாக் சாப்பிட்டார். வயிற்றைக் காக்க ஓமெப்ரசோலும் கொடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். வலி மாத்திரை நின்று மூன்று ஆண்டுகள் ஆகியும் ஓமெப்ரசோல் மட்டும் தொடர்ந்தால், அதற்கு இப்போது காரணம் இல்லாமல் இருக்கலாம். அவருடைய வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் அதே மாத்திரையை ஆஸ்பிரினோடு சாப்பிடுகிறார். முன்பு ஒரு முறை அவருக்கு வயிற்றில் இரத்தம் கசிந்திருக்கிறது. அவர் அதை விடவே கூடாது. மாத்திரை ஒன்றுதான்; காரணம் வேறு. எனவே அடுத்தவர் நிறுத்தினார் என்று நீங்கள் நிறுத்தவும் வேண்டாம். அடுத்தவருக்குக் கேட்டது என்று அவருடைய மாத்திரையை வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம்.

வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடையில் வாங்கியவை, நாட்டு மருந்து, ஜாமு, சத்து மாத்திரை எதையும் விட்டுவிடாதீர்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

1. இந்தக் கேஸ்ட்ரிக் மாத்திரை எனக்கு எதற்காகக் கொடுக்கப்படுகிறது?
2. எவ்வளவு நாளைக்குச் சாப்பிட வேண்டும்? எந்தத் தேதியில் மறுபடியும் பார்ப்பீர்கள்?
3. அளவைக் குறைக்க முடியுமா? நிறுத்தலாமா? எப்படி நிறுத்துவது?
4. என்னுடைய மற்ற மருந்துகளோடு இது ஒத்துப்போகுமா?
5. பி-12, மெக்னீசியம், எச். பைலோரி பரிசோதனை எனக்குத் தேவையா?

மலாயோ ஆங்கிலமோ பேசத் தயக்கமாக இருந்தால் மகனையோ மகளையோ பேரப்பிள்ளையையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். தமிழ் பேசும் பணியாளர் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். மருத்துவர் சொல்லும் பதிலை மருந்துப் பெட்டியின் மேலேயே தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எதற்கு, எப்போது சாப்பிட வேண்டும், எந்தத் தேதிவரை. அந்தத் தேதி வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு மீண்டும் கிளினிக்குக்கு வாருங்கள்.

இக்கையேடு பொதுவான விளக்கத்திற்காக மட்டுமே. மருத்துவர் எழுதிக் கொடுத்த எந்த மருந்தையும் அவரைக் கேட்காமல் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.